ராணி கையில் கோணல் வாள்

திருச்சி மேலப்புதூரில், ஒரு தையல் கடையின் மாடியில், ப்ளோரா மிஸ் டாரட் சீட்டு பார்த்துக் குறி சொல்வார். சீட்டுகளையும் அவரே வரைவார். ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர். அந்த வேலை போய்விட்டது. மிஸ் என்று எல்லோரும் கூப்பிடுவது மட்டும் போகவில்லை. வயது முப்பத்தொன்பது.

அவருக்கு ஒரே ஒரு சிஷ்யை. பெயர் ஜெனோவா. ஆறாம் வகுப்பில் அவரிடம் படம் வரையக் கற்றவள். புருஷன் விக்டர் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்து ஒரு வருஷம் கழிந்தபோது, இரண்டு வயது மகள் ரூபியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு சூட்கேஸோடு மாடி ஏறி வந்தாள்.

"என்ன வேணும்?" என்றார் ப்ளோரா மிஸ்.

"ஏதாவது கத்துக்கணும் மிஸ். பயப்படாம இருக்கிற மாதிரி."

"பயப்படாம இருக்கிறது எனக்குத் தெரியாது. அந்த பிரஷ்ஷைக் கழுவு."

அப்படித்தான் சேர்ந்தாள். பதினொரு வாரம் ஆகியிருந்தது.

ப்ளோரா மிஸ்ஸின் பழைய சீட்டுக்கட்டு ஓரமெல்லாம் நைந்து பஞ்சாகிவிட்டது. புதுக்கட்டு வரைந்துகொண்டிருந்தார். எழுபத்தெட்டில் அறுபத்திரண்டு முடிந்துவிட்டது. மிச்சம் அரசவைச் சீட்டுகள் பதினாறு. கோப்பை, கோல், வாள், காசு என்று நாலு குடும்பம். குடும்பத்துக்கு நாலு பேர். ஏவலாள், குதிரைவீரன், ராணி, ராஜா.

இந்தப் பதினாறையும் அவர் பென்சிலில் கோடு போட்டு, உடையும் கையும் வரைந்து, வர்ணம் பூசி முடித்துவிட்டு, முகம் இருக்க வேண்டிய இடத்தை மட்டும் வெள்ளையாக விட்டிருந்தார்.

"கை என் வேலை. முகம் உன் வேலை" என்றார்.

"யார் முகம் மிஸ்?"

"வர்ற முகம்."

ஜெனோவா சீட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தாள். பதினைந்து புதுத்தாள். வாள் ராணி மட்டும் பழைய தாள், மஞ்சள் பாய்ந்திருந்தது. ராணி ஒரு கையில் வாளைத் தூக்கிப் பிடித்திருந்தாள். வாளின் கோடு நேராக இல்லை. நடுவில் இரண்டு இடத்தில் நெளிந்திருந்தது.

"இந்த வாள் கோணலா இருக்கே மிஸ். ஸ்கேல் வெச்சு சரி பண்ணட்டுமா?"

"வேண்டாம். அது எப்பவோ வரைஞ்சது. அப்படியே இருக்கட்டும்."

சீட்டு பார்க்கிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கேள்வி கேட்க வருகிறவருக்கு, முதலில் இந்தப் பதினாறிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நடுவில் வைக்க வேண்டும். அதுதான் அவர். மற்ற சீட்டுகள் அதைச் சுற்றி விழும். வயசு பார்த்து, நிறம் பார்த்து எடுப்பவர்கள் இருக்கிறார்கள். ப்ளோரா மிஸ் அப்படி எடுப்பதில்லை.

ஒரு புதன்கிழமை அரசு அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்தார். நெற்றியில் விபூதி, கையில் தோல் பை. டிரான்ஸ்ஃபர் பற்றிக் கேட்க வேண்டுமாம். ப்ளோரா மிஸ் அவர் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பழைய கட்டிலிருந்து காசு ஏவலாளை எடுத்து வைத்தார்.

"இது யாரு?" என்றார் வந்தவர்.

"நீங்க."

"வேலைக்காரப் பையன் மாதிரி இருக்கான். நான் செக்ஷன் ஆபீசர் மேடம்."

"அவன் காசை எப்படிப் பிடிச்சிருக்கான் பாருங்க."

அவர் பார்த்தார். ஏவலாள் இரண்டு கையாலும் காசைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தான். செக்ஷன் ஆபீசர் இரண்டு கையாலும் தோல் பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தார். பையை மெதுவாகக் கீழே வைத்தார்.

அவர் போனதும் ஜெனோவா கேட்டாள்.

"அப்போ இந்தப் பதினாறு பேர்ல நான் யாரு மிஸ்?"

"முகம் எல்லாம் போட்டு முடி. அப்புறம் கேளு."

வெள்ளிக்கிழமை காலையில் போன் வந்தது. விக்டரின் அண்ணன் சவரிமுத்து. மணப்பாறையில் மாவு மில் வைத்திருக்கிறார். அந்தக் குடும்பத்தில் அவர் உட்காரச் சொன்னால் உட்காருவார்கள்.

"ஞாயித்துக்கிழமை பூசை முடிச்சிட்டு நானும் உங்க சகாயம் அக்காவும் வர்றோம். குழந்தை துணிமணியெல்லாம் எடுத்து வை. அது எங்க வீட்டுப் பிள்ளை. எங்க வீட்டுல வளரும். நீ எங்க வேணா இரு, என்ன வேணா பண்ணு."

அவள் பதில் சொல்வதற்குள் போனை வைத்துவிட்டார்.

ஜெனோவா உட்கார்ந்து முகங்களை வரைந்தாள். சாப்பாட்டுக்கு எழுந்திருக்கவில்லை. சாயங்காலம் ப்ளோரா மிஸ் வந்து பார்த்தபோது பன்னிரண்டு முகம் முடிந்திருந்தது. சீட்டுகளைத் துணி கிளிப்பில் மாட்டி, கம்பியில் காயப் போட்டிருந்தாள்.

ப்ளோரா மிஸ் கம்பி நெடுக நடந்தார்.

"ஏவலாள் நாலு பேரும் ரூபி."

"ஆமா மிஸ். தெரியாம வந்துடுச்சு."

"குதிரைவீரன் நாலு பேரும் சிரிக்கிறான்."

"ரூபி அப்பாவுக்கு வண்டில ஏறினாலே சிரிப்பு வரும் மிஸ்."

ப்ளோரா மிஸ் ராஜாக்களிடம் வந்தார். நாலு ராஜாவுக்கும் ஒரே மீசை, நுனி கீழே வளைந்தது. இடது கண்ணுக்குக் கீழே ஒரு மச்சம்.

"இவர் யாரு?"

"யாருமில்லை மிஸ்."

"யாருமில்லாதவர் நாலு தடவை வந்திருக்காரே."

ஜெனோவா சொன்னாள். போனில் வந்ததைச் சொன்னாள். சொல்லி முடித்ததும் கேட்டாள்.

"அழிச்சிடட்டுமா?"

"இப்போ வேண்டாம். ஈரத்துல கை வெச்சா சீட்டு பூரா பரவும். காயட்டும்."

ராணிகள் நாலு பேரும் மேஜையில் கிடந்தார்கள். முகம் இல்லை.

"இவங்க?"

"வரலை மிஸ். எத்தனையோ தடவை பென்சிலை வெச்சேன். வரலை."

சனிக்கிழமை ஜெனோவா சூட்கேஸை எடுத்தாள். ரூபியின் கவுன்கள், பால் புட்டி, விக்டரின் போட்டோ. பெட்டியின் வாய் மூடவில்லை. முழங்காலால் அழுத்தி, இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். ரூபி பக்கத்தில் உட்கார்ந்து ஒரு செருப்பைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

ப்ளோரா மிஸ் வாசலில் நின்று பார்த்தார்.

"எங்க போறே?"

"தெரியலை மிஸ். அவங்க வர்றப்ப இங்க இருக்கக்கூடாது. அவ்வளவுதான்."

"ரெண்டு கையும் பெட்டியில இருக்கு. குழந்தையை எந்தக் கையால தூக்குவே?"

ஜெனோவா பெட்டியை விட்டாள். அது வாயைப் பிளந்துகொண்டது.

"இங்க வா" என்றார் ப்ளோரா மிஸ்.

கம்பியில் கிடந்த சீட்டுகளைக் கழற்றி, மேஜையில் வரிசையாக வைத்தார். ஒரு நீளமான காகிதப் பட்டையை எடுத்து முகங்களை மறைத்தார். இப்போது கைகள் மட்டும் தெரிந்தன.

"சொல்லு."

"ஏவலாள் ரெண்டு கையாலும் பிடிச்சிருக்கான். கோப்பையா இருந்தாலும் வாளா இருந்தாலும் அப்படித்தான்."

"ஏன்?"

"விழுந்துடும்னு பயம்."

"அடுத்தது."

"குதிரைவீரன் ஒரு கையில பிடிச்சிருக்கான். இன்னொரு கையில கடிவாளம். கொண்டுபோறான். எங்கேயோ."

"ராஜா?"

ஜெனோவா குனிந்து பார்த்தாள். "ராஜா பிடிக்கவே இல்லை மிஸ். சும்மா விரல் பட்டிருக்கு. அவ்வளவுதான். சிம்மாசனத்தோட கைப்பிடியைத்தான் கெட்டியாப் பிடிச்சிருக்கார்."

"அதென்ன?"

"அவர்கிட்ட இருந்து யாரும் எடுக்க மாட்டாங்கன்னு நினைக்கிறார். நாற்காலிதான் போயிடக்கூடாது."

ப்ளோரா மிஸ் காகிதத்தை நகர்த்தவில்லை. ராஜாக்களின் மீசை காகிதத்துக்கு அடியில் இருந்தது. ஜெனோவா நாலு கைகளையும் மறுபடி பார்த்தாள். மோதிரம் போட்ட, கொழுத்த, ஒன்றும் செய்யாத கைகள்.

"ராணியைப் பார்க்கலையே" என்றார் ப்ளோரா மிஸ்.

வாள் ராணி கடைசியில் இருந்தாள். ஒரு கை வாளின் பிடியை இறுக்கியிருந்தது. இன்னொரு கை முன்னால் நீண்டிருந்தது. உள்ளங்கை திறந்து, விரல்கள் விரிந்து.

"இந்தக் கை யாரைக் கூப்பிடுது மிஸ்?"

"கூப்பிடுதா?"

"இல்லை, நில்லுன்னு சொல்லுதோ?"

"எதிரே வந்து நிக்கிறவங்களுக்குத் தெரியும்."

மத்தியானம் ஜெனோவா கீழே போய்விட்டு அரைமணி கழித்து வந்தாள். விரலில் பச்சைப் பெயிண்ட் ஒட்டியிருந்தது. ப்ளோரா மிஸ் கேட்கவில்லை. சூட்கேஸிலிருந்து ரூபியின் கவுன்களை எடுத்து, ஜெனோவா மறுபடி கொடியில் போட்டாள். சீட்டுகளையும் பழையபடி கம்பியில் மாட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணிக்குப் படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

சவரிமுத்து முதலில் வந்தார். சலவை வெள்ளைச் சட்டை. பின்னால் அவர் மனைவி சகாயம், கையில் ஒரு பிஸ்கட் பாக்கெட். ஜெனோவா தரையில் பலகை போட்டு உட்கார்ந்து காசு ராணியின் தலைமுடிக்கு மை தீட்டிக்கொண்டிருந்தாள். ரூபி அவள் மடியில். ப்ளோரா மிஸ் ஜன்னல் ஓரத்தில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க பெரியத்தான். வாங்க அக்கா."

"உட்கார வரலை" என்றார் சவரிமுத்து. "எல்லாம் எடுத்து வெச்சிட்டியா? பன்னெண்டு மணிக்கு பஸ்."

சகாயம் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, இங்க பாருங்க. உங்க மூஞ்சி."

"என் மூஞ்சியா?"

"நாலு எடத்துல இருக்கு. மச்சம் கூட."

சவரிமுத்து பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினார். ஒவ்வொன்றாகப் பார்த்தார். தலையில் கிரீடம், தோளில் சிவப்புச் சால்வை, பின்னால் சிம்மாசனம். அவர் கை தானாக மீசைக்குப் போனது.

"இது யாரு?" என்று ப்ளோரா மிஸ்ஸைக் கேட்டார்.

"ராஜா."

"இது?"

"அவரும் ராஜாதான். நாலு பேரும்."

சவரிமுத்து தொண்டையைச் செருமினார். குரல் கொஞ்சம் இறங்கியது. "என்ன இருந்தாலும் மரியாதை தெரிஞ்ச பொண்ணு. நான் இல்லைன்னு சொல்லலை. இந்தச் சீட்டுப் பைத்தியம்தான்... சரி, அது உன் இஷ்டம். குழந்தையைக் குடு."

ஜெனோவா ரூபியைத் தூக்கி இடது இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்தாள். சகாயம் கையை நீட்டினாள்.

ஜெனோவா அவளிடம் போகவில்லை. கம்பியிடம் போனாள். பிரஷ்ஷைக் கிண்ணத்தில் இருந்த வெள்ளை வர்ணத்தில் தோய்த்தாள். கோப்பை ராஜாவின் நெற்றியில் வைத்து, கீழே இழுத்தாள். மீசை போனது.

கோல் ராஜா. மச்சம் போனது.

"ஏய். என்ன பண்றே?"

"ஈரமா இருந்தப்ப அழிக்க முடியலை பெரியத்தான். இப்போ காய்ஞ்சிடுச்சு."

வாள் ராஜா. காசு ராஜா. நாலு கிரீடத்துக்குக் கீழே நாலு வெள்ளை வட்டம்.

ரூபி எட்டிப் பார்த்தாள். "பெரியப்பா எங்கேம்மா?"

"இதோ, தரையில நிக்கிறார் பாரு."

சவரிமுத்துவின் முகம் சிவந்துவிட்டது. ஒரு எட்டு முன்னால் வைத்தார். ஜெனோவா திரும்பினாள். இடது கை குழந்தையைச் சுற்றியிருந்தது. வலது கை நேராக நீண்டிருந்தது, அதில் பிரஷ். நுனியிலிருந்து வெள்ளை சொட்டியது. அவர் சட்டைக்கும் அதற்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை.

அவர் நின்றார்.

"இது எங்க தம்பி பிள்ளை."

"ஆமா. எப்ப வேணா வந்து பாருங்க. கூட்டிக்கிட்டுப் போக முடியாது."

"சீட்டுக்கட்டு வெச்சுப் பொழைக்கிறவகிட்ட எங்க பிள்ளை வளரணுமா? ஊர்ல நாலு பேருக்குத் தெரிஞ்சா என்ன சொல்லுவாங்க?"

"தெரியட்டும். கீழே போர்டுல என் பேர் போட்டிருக்கு. மிஸ் பேருக்கு அடியில, பச்சையில. வர்றப்ப நீங்க பார்க்கலை போல."

"பங்குச் சாமியாரைக் கூட்டிக்கிட்டு வருவேன்."

"வாங்க."

"போலீஸோட வருவேன்."

"வாங்க பெரியத்தான். பெத்தவ நான்தான்னு அவங்ககிட்டயும் சொல்றேன். படி பன்னெண்டு. ஏழாவது படி உடைஞ்சிருக்கு. பார்த்து ஏறி வரச் சொல்லுங்க."

அவள் குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. கை கீழே இறங்கவில்லை.

சவரிமுத்து ப்ளோரா மிஸ்ஸிடம் திரும்பினார். "எல்லாம் நீ சொல்லிக் குடுத்ததுதானா?"

"நான் கை மட்டும்தான் வரைவேன்" என்றார் ப்ளோரா மிஸ். வேர்க்கடலைத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார். "சாப்பிடுங்க. பஸ்ஸுக்கு நேரம் இருக்கு."

அவர் சாப்பிடவில்லை. கண்ணாடியைக் கழற்றி உறையில் போட இரண்டு தரம் முயன்றார். மூன்றாம் தரம் போய் உட்கார்ந்தது. விறுவிறுவென்று இறங்கிப் போனார். ஏழாவது படியில் ஒரு சத்தம் கேட்டது.

சகாயம் பிஸ்கட் பாக்கெட்டை ஸ்டூலில் வைத்தாள். ரூபியின் கன்னத்தைத் தொட்டாள். வெள்ளை வட்டங்களை ஒருமுறை பார்த்தாள்.

"மீசை அச்சா வந்திருந்துச்சு" என்று மெல்லச் சொன்னாள். "இருந்தாலும் இதுவும் நல்லாத்தான் இருக்கு."

அவளும் போனாள். செருப்புச் சத்தம் தெருவில் கரைந்தது. கீழே தையல் மிஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது.

ஜெனோவா உட்கார்ந்தாள். பிரஷ் கையிலிருந்து விழுந்து உருண்டது. ரூபியை இரண்டு கையாலும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். ரூபி பிஸ்கட்டுக்காக நெளிந்தாள்.

"திரும்ப வருவாங்க மிஸ்."

"வருவாங்க."

"எனக்குப் பயம் போகலை. அவர் முன்னால நின்னப்பவும் இருந்துச்சு. இப்போ இன்னும் ஜாஸ்தியா இருக்கு."

"ம்."

ரூபியின் கையில் ஒரு பிஸ்கட்டைக் கொடுத்துவிட்டு ஜெனோவா தலை நிமிர்ந்தாள்.

"ராணி முகம் இப்போ தெரியுது மிஸ்."

"போடு."

"கையைப் பாருங்க, எப்படி ஆடுது. இப்போ போட்டா கண்ணும் மூக்கும் கோணலாப் போகும். நிதானத்துக்கு வந்த பிறகு, நாளைக்குப் போடுறேனே."

ப்ளோரா மிஸ் எழுந்து போய், மஞ்சள் பாய்ந்த வாள் ராணியை எடுத்துவந்து அவள் முன்னால் வைத்தார். உருண்டு கிடந்த பிரஷ்ஷைக் கழுவி, சீட்டின் மேல் வைத்தார்.

"இந்த வாள் ஏன் கோணலா இருக்குன்னு கேட்டியே."

"ஆமா மிஸ்."

"அதை வரைஞ்ச அன்னிக்கு என் கதவையும் ஒருத்தர் தட்டிக்கிட்டு இருந்தார். கை நிதானத்துக்கு வரட்டும், நாளைக்கு முகம் போடலாம்னு எடுத்து வெச்சேன். பதினாலு வருஷம் ஆச்சு. இப்பவே போடு."